தலைப்பெழுத்து

சிற்றிதழ்களின் பழைய இதழ்களுக்கு ஆசிரியர் அகரவரிசை ஒன்று தயாரிக்கத் தொடங்கியபோது, அது பொறுமை மட்டுமே வேண்டிய வேலை என்று நினைத்திருந்தோம். நாங்கள் நால்வர். சில ஆயிரம் வரிகளைத் தட்டெழுதிய பிறகுதான், ஒரே எழுத்தாளர் ஐந்தாறு விதமான பெயர்களில் வந்து நிற்பதைக் கண்டோம். எங்களில் நிரல் எழுதத் தெரிந்த நண்பர் பைத்தானில் ஒரு சிறிய லைப்ரரியை எழுதினார். (நூலகத்துக்காகச் செய்யும் வேலையில் மென்பொருள்காரர்களின் ‘லைப்ரரி’யும் வந்து சேர்ந்ததில் எங்களுக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.) இரண்டு பெயர்களைக் கொடுத்தால் அவை ஒருவருடையவையா என்று அது சொல்ல வேண்டும். அதற்கான விதிகளை வகை வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு கோப்பாக வைத்தோம்.

முதல் வகை குறியீடு பற்றியது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ‘கௌரி’யில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகரத்தைத் தட்டுபவர்கள் எங்களிலேயே இருவர். 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் பெருந்தொல்லை தரும் என்று அஞ்சியிருந்தோம். பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒருங்குறியில் குறியெண்கள் ஒன்றேதான், மாறுவது எழுத்துருவில் மட்டுமே என்பதால் அதற்கு விதியே தேவைப்படவில்லை.

இரண்டாம் வகை எழுத்து வழக்கு: ஐயர், அய்யர்; ஜானகி, சானகி; இலங்கை இதழ்களில் றஞ்சனி, இங்கே ரஞ்சனி. கிரந்தத்தை விலக்கி எழுதுவது ஒருவருடைய கொள்கையாக இருக்கலாம், அதை ஒரு விதியால் அழிக்கலாமா என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். தேடுவதற்குச் சேர்ப்பது, அச்சிடும்போது அவர் எழுதியபடியே விடுவது என்று முடிந்தது.

மூன்றாம் வகைதான் தலைப்பெழுத்து. எங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தவர்கள் இரண்டு ரங்கராஜன்கள். குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆன கதை வாசகர்கள் அறிந்ததே. பெயர் ஒன்றாக இருந்து தலைப்பெழுத்து வேறானால் ஆள் வேறு என்று எழுதி, மற்ற விதிகளைவிட அதற்கே அதிக மதிப்பும் கொடுத்தோம். நான்காவது வகையான புனைபெயருக்கு விதி இல்லை, பட்டியல்தான். பசுவய்யாவும் சுந்தர ராமசாமியும் ஒருவர் என்பதையோ, மயன் என்பவர் க.நா.சு. என்பதையோ எந்த நிரலும் எழுத்துகளைப் பார்த்து ஊகித்துவிடாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன், அறுபதுகளில் எழுதிய ஒரு மூத்த எழுத்தாளரைப் பார்க்கப் போனோம். எண்பதைக் கடந்தவர். மெய்ப்புத் தாளை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, தம் பெயர் இருந்த பக்கத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

“இதுல நான் ரெண்டு பேரா இருக்கேனே, தம்பி?”

ஏழு கதைகள் ஓர் எழுத்தின் கீழும், மூன்று கதைகள் வேறோர் எழுத்தின் கீழும் இருந்தன. முதலாவது அவருடைய தந்தையின் எழுத்து; மற்றது கணவருடையது.

“நீங்கள் மாற்றிக்கொண்டீர்களா, அம்மா?” என்று கேட்டோம்.

“நான் எங்கே மாத்தினேன்? கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அவங்களுக்கும் அனுப்பியிருந்தேன். அடுத்த கதையிலே அவங்களே மாத்திப் போட்டுட்டாங்க. கேக்கவும் இல்லை.”

திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. அந்த இதழாசிரியர் செய்ததையே நாங்களும் செய்திருக்கிறோம். ஆண்களின் தலைப்பெழுத்து ஆயுள் முழுவதும் ஒன்றாகவே இருப்பதை மனத்தில் வைத்து ஒரு விதியை எழுதி, அதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டோம். அன்றிரவே அகரவரிசையைப் புரட்டியபோது, ஒரே பெயர் ஓர் ஆண்டில் நின்றுபோக, அடுத்த ஆண்டு வேறு எழுத்தோடு தொடங்குகிற இடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன.

பெண் பெயரானால் தலைப்பெழுத்தைப் பார்க்க வேண்டாம் என்று திருத்தலாமா என யோசித்தோம். பெயரை வைத்துப் பெண் என்று நிரல் எப்படி அறியும்? சுஜாதாவே முதல் ஆளாக வந்து நிற்பார். தவிர, உண்மையிலேயே வெவ்வேறான இரண்டு சரஸ்வதிகளை அது ஒருவராக்கிவிடும், அதுவும் அநியாயம்தான். கடைசியில் அந்த வகையிலிருந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பறித்தோம். தலைப்பெழுத்து வேறானால் ‘ஆள் வேறு’ என்று இப்போது அது சொல்லாது. ‘கேட்டறிக’ என்று மட்டும் சொல்லும். கேட்டறிந்தவற்றைப் புனைபெயர்ப் பட்டியல் இருக்கும் கோப்பில், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற குறிப்போடு சேர்க்கிறோம். கேட்பதற்கு ஆளில்லாதவர்களின் பெயர்களை இரண்டு இடங்களிலும் விட்டு, ஒவ்வொன்றின் கீழும் மற்றதைக் காண்க என்று போட்டிருக்கிறோம். அச்சு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

எந்த எழுத்தின் கீழ் எல்லாவற்றையும் சேர்ப்பது என்று அந்த அம்மாவிடம் மறுபடி தொலைபேசியில் கேட்டோம். சற்று யோசித்தார்.

“அப்பா எழுத்திலேயே போடுங்க. நல்ல கதையெல்லாம் அதுலதான் இருக்கு.”