புகை நகரத்துக்கு மட்டும் உரியதல்ல

காற்று மாசு டில்லிக்கும் கொழும்புக்கும் உரிய பிரச்சினை, காடும் கடலும் பக்கத்திலிருக்கும் புதுக்குடியிருப்புக்கு அது வராது என்ற நினைப்பு எங்களில் பலருக்கு உண்டு. ஆனால் 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயல் நேரத்தில் இந்தியாவின் பக்கமிருந்து வந்த மாசு எங்கள் வடக்கையும் மூடியது. அதனால் டிசெம்பர் 9 அன்று நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன.

ஒருநாள் இருமல் மாறிவிடும். கவலை வளரும் பிள்ளையின் நுரையீரலைப் பற்றியது. தென் கலிபோர்னியாவில் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயதுவரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, ஒரு விநாடியில் ஊதித்தள்ளும் காற்று இருக்கவேண்டிய அளவில் 80 சதவீதத்துக்கும் குறைந்தவர்கள், நுண்துகள் மிகக் கூடிய இடத்தில் 7.9 சதவீதம், மிகக் குறைந்த இடத்தில் 1.6 சதவீதம். பின்னர் அங்கே காற்று சுத்தமாக, அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் கூடியது. ஆகவே இது விதியல்ல.

"அங்கே வாகனப் புகை, இங்கே அது குறைவு" எனலாம். உண்மைதான். ஆனால் அதே நுண்துகள் விறகடுப்பிலிருந்தும் எரியும் பொலித்தீனிலிருந்தும் வருகிறது. ஊர்ப்புகை என்பதால் நுரையீரலுக்கு அது சாதுவாகிவிடாது. எரிவாயு வாங்க வசதியில்லாத குடும்பத்திடம் விறகை விடச் சொல்வது அநியாயம். அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கலாம், சமைக்கும்போது குழந்தையைக் குசினிக்கு வெளியே வைத்திருக்கலாம். கடல்கடந்து வரும் மாசை எங்களால் மறிக்க முடியாது. வளவுக்குள் பொலித்தீன் எரிப்பதை நிறுத்த முடியும். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.