சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று என் பாட்டி அடிக்கடி சொல்வாள். சின்ன வயதில் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸிக்கு வந்து குடித்தனம் நடத்தி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, நாற்பது வயதைத் தொட்ட பிறகு, ஓர் ஓட்டலின் கல்லாப் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில், பன்னிரண்டு மேஜை போட்ட சின்ன டிபன் ஓட்டல் அது. நடத்துகிறவர் மதுரைப் பக்கத்துக்காரர். எனக்கு மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது பிரசவத்தின் போது என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அக்கா நாற்பது நாளும் மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினார். காசு கொடுக்கப் போனால், "பிள்ளை பெத்தவகிட்ட யாராச்சும் காசு வாங்குவாகளா?" என்று கையைத் தட்டிவிட்டார். அப்படிப்பட்டவரைத்தான் நான் குத்திக் காட்டிவிட்டு வந்தேன்.

கோவிட் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 16ஆம் தேதி நியூ ஜெர்ஸியில் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பார்சல் மட்டும் உண்டு. ஜூன் 15ஆம் தேதிக்குப் பிறகு வெளியே மேஜை போடலாம் என்றார்கள். செப்டம்பரில் உள்ளே நூற்றுக்கு இருபத்தைந்து பேர் கணக்கு. அதாவது அக்காவின் பன்னிரண்டு மேஜையில் மூன்று! ஆனால் வாடகை பன்னிரண்டு மேஜைக்கும் சேர்த்துத்தான். பார்சல் வாங்குகிறவர்களிலும் பாதிப் பேர் செல்போன் மூலம் வரவழைக்கும் கம்பெனிகளிடம் சொல்லிவிடுவார்கள். பில்லில் ஒரு பங்கை அந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

2021 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கம் உணவகங்களுக்கென்றே தனியாக நிவாரண நிதி ஒதுக்கியது. மொத்தம் 2,860 கோடி டாலர். கடன் இல்லை, மானியம். வாடகை, சம்பளம், மின்சாரம், மளிகை என்று சொன்ன செலவுக்குச் சொன்ன தேதிக்குள் செலவழித்தால் திருப்பித் தர வேண்டாம். கணக்கும் நம் வீட்டுக் கணக்குப் போலச் சுலபம்தான். 2019ஆம் வருஷ வியாபாரத்தில் 2020ஆம் வருஷ வியாபாரத்தைக் கழிக்க வேண்டும். முந்தைய வருஷம் சம்பளம் கொடுப்பதற்காக அரசாங்கக் கடன் வாங்கியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மீதிதான் மானியம். உதாரணத்துக்கு, மூன்று லட்சத்துக்கு விற்ற கடை அடுத்த வருஷம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு விற்று, இருபத்தைந்தாயிரம் கடனும் வாங்கியிருந்தால், கிடைக்கிறது ஒரு லட்சம்.

மே 3ஆம் தேதி பகல் 12 மணிக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். முதல் 21 நாள் பெண்கள், முன்னாள் ராணுவத்தினர், பின்தங்கியவர்கள் நடத்தும் கடைகளின் மனுக்களுக்குத்தான் முன்னுரிமை. அக்காவின் கடை அவர் பேரில்தான் இருந்தது. நடுவில் ஒரு நாள் நான் இட்லி மாவு வாங்கப் போனபோது அக்கா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கிண்ணம் கேசரியை நீட்டினார். "சாங்ஷன் ஆயிடுச்சும்மா! மீனாட்சி கண்ணைத் தொறந்துட்டா!" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகுதான் என் மனசு கெட்டுப் போனது. எங்கள் தெருவில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் குழந்தைகளை விளையாட விட்டு, நாங்கள் பேச உட்கார்ந்தால் ஊரில் உள்ள அத்தனை ஓட்டலும் எங்கள் வாயில் அரைபடும்.

"நம்ம வரிப் பணம்தானேடி! தூக்கிக் கொடுத்துட்டாங்க."

"பணம் வாங்கிட்டும் தோசைக்கு ஒண்ணரை டாலர் ஏத்தியிருக்காங்க பார்த்தியா?"

"அது மட்டுமா? டிப்ஸ் வேற கேக்கறாங்க!"

ஒருத்தி மட்டும், "கடையை மூடச் சொன்னதே சர்க்கார்தானே? அப்ப நஷ்டத்தையும் அவங்கதானே கொடுக்கணும்?" என்று கேட்டாள். அவள் பேச்சு எடுபடவில்லை. நானும் தலையாட்டிவிட்டு மற்றவர்களோடுதான் சேர்ந்துகொண்டேன்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டலில் நல்ல கூட்டம். பில்லைப் பார்த்தேன். போன மாதத்தைவிட ஆறேழு டாலர் கூட. வீட்டில் இவருக்கும் அந்த வருஷம் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த எரிச்சலோ என்னவோ, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "உங்களுக்கென்ன அக்கா, சர்க்காரே அள்ளிக் கொடுத்தாச்சு! அப்புறமும் எங்ககிட்ட எதுக்கு விலையை ஏத்தறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "நல்லாக் கேளுங்கம்மா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார். "வாங்கம்மா, அடுத்து யாரு?" என்று அடுத்தவரைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் என் பெரிய பெண் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டபடியே, "அம்மா, பெரியம்மா கடைக்கு அந்தப் பணம் வரவே இல்லையாம். லெட்டர் போட்டு இல்லைன்னுட்டாங்களாம். பெரியம்மா ராத்திரியெல்லாம் அழறாங்கன்னு அவ சொன்னா" என்றாள். அக்காவின் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். பெண் என்றும் இனம் என்றும் பார்த்து முன்னுரிமை கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று டென்னஸியிலும் டெக்ஸாஸிலும் ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களும் நஷ்டப்பட்டவர்கள்தான், வரிசையில் காத்துக்கிடந்தவர்கள்தான். மே மாதக் கடைசியில் கோர்ட்டுகள் அவர்கள் பக்கம் உத்தரவு போட்டன. அதனால் முன்னுரிமை மனுக்களை அப்படியே நிறுத்தினார்கள். சாங்ஷன் ஆகியும் பணம் கைக்கு வராமல் இருந்த கிட்டத்தட்ட 3,000 கடைகளுக்கு, கொடுக்க முடியாது என்று ஜூன் மாதம் கடிதம் போய்ச் சேர்ந்தது. அவற்றில் ஒன்று அக்காவுடையது. நிதியும் தீர்ந்துபோனது. மனுப் போட்டவர்கள் 2,78,000 பேருக்கு மேல், அவர்கள் கேட்ட தொகை 7,220 கோடி டாலருக்கு மேல். கிடைத்ததோ சுமார் ஒரு லட்சம் கடைகளுக்குத்தான்.

மறுநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா பின்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும் இடத்தில் அண்ணன் நின்றிருந்தார். அந்த வேலைக்கு இருந்த பையனைக் காணோம்.

"அக்கா, நேத்து நான் தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். தொண்டை அடைத்தது.

அவர் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சாங்ஷன் லெட்டரை நம்பி வீட்டுக்காரன்கிட்ட ஆறு மாச வாடகை பாக்கியை மொத்தமாத் தரேன்னு வாக்குக் கொடுத்தேன். நிறுத்தின ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். பணம் இல்லைன்னு லெட்டர் வந்ததும் வளையலை வித்து அவங்க சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிச்சேன். எண்ணெய், உளுந்து, டப்பா, கையுறை எல்லாமே விலை ஏறிப்போச்சு. தோசை விலையை ஏத்தாம நான் என்னம்மா செய்யறது?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "வர்றவங்க நாலு பேரும் கேக்கறாங்கதான். அது எனக்குப் பழகிப்போச்சு. நீயும் கேட்டுட்டியேன்னுதான்..." என்று முடிக்காமல் விட்டார். அந்தக் கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

நான் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வெங்காயக் கூடை காலியாகும் வரை இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது அக்கா ஒரு டப்பாவில் வத்தக்குழம்பு ஊற்றிக் கொடுத்தார். "காசு வை" என்றார். அதுவரை என்னிடம் அப்படி அவர் கேட்டதில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு என்ற பட்டியலை அரசாங்கமே பிறகு வெளியிட்டது. பூங்காச் சிநேகிதிகள் கூடி அதைத் தேடிப் பார்த்தோம். எங்கள் ஊர்ப் பெயரில் சில ஓட்டல்கள் இருந்தன. அக்கா கடை இல்லை. அன்று யாரும் வரிப் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் ஐந்து வீட்டிலும் நேரே அக்கா கடைக்கே போன் பண்ணி, நாங்களே போய் வாங்கிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். நடுவில் கம்பெனிக்குப் போகும் பங்காவது அக்காவுக்கு மிஞ்சட்டுமே! பிறந்த நாள் விருந்து, பொங்கல் சாப்பாடு எல்லாம் அங்கேதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை முடிப்பது போல முடிக்க எனக்கும் ஆசைதான். 2022 மே மாதம், விட்டுப்போன கடைகளுக்கும் பணம் தர ஒரு மசோதா செனட் சபைக்கு வந்தது. மேலே நகர 60 வாக்கு வேண்டும். கிடைத்தது 52. அந்த இலையுதிர் காலத்தில் அக்கா கூடத்தைக் காலி செய்துவிட்டார். இப்போது பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் பார்சல் மட்டும் கொடுக்கிறார். மேஜை இல்லை, பரிமாறுகிறவர் இல்லை. சமையலுக்கு அக்கா, பாத்திரத்துக்கு அண்ணன்.

சகோதரிகளே, நாம் வீட்டில் பத்து ரூபாய் துண்டு விழுந்தால் எந்த டப்பாவிலிருந்து எடுத்து எதில் போடலாம் என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறவர்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் அப்படி ஒரு ராத்திரி இருக்கும் என்பது மட்டும் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

போன வெள்ளிக்கிழமை அடை வாங்கப் போனேன். அக்கா பொட்டலத்தோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் கேசரியும் வைத்தார். "என்ன அக்கா விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்லை, சின்னவளுக்குப் பிடிக்குமே" என்றார். காசு கேட்கவில்லை. கார் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.