ஆடியது எது?

சகோதரிகளே, உங்களில் முறுக்கு உரலைக் கையாளத் தெரியாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டீர்கள். ஸ்பானர் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. முன்னது தெரிந்தால் பின்னது அப்படியொன்றும் பிரம்ம வித்தை இல்லை என்பதைச் சென்ற சித்திரை மாதத்தில் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையடியில் கண்டுகொண்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் காலை சென்னையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஏ தாயி, உங்க அப்பா புல்லட்டு ஓட்டும்போது கைப்பிடி கிடுகிடுன்னு ஆடுது. கேட்டா வண்டி ஆடுதுங்காரு. எனக்கென்னமோ கைதான் ஆடுதுன்னு தோணுது. எது ஆடுதுன்னு நீயே வந்து பாத்துச் சொல்லு."

அப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு. பஞ்சாலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் புல்லட் 1974-ஆம் வருஷத்து வண்டி. 1985-ல் பழைய வண்டியாக வாங்கினார். நான் பிறந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதில்தான் என்பார்கள். அம்மா அதைத் 'தகரச் சக்களத்தி' என்பாள். எனக்குப் பள்ளிக்கூடம், டியூஷன், கழுகுமலைத் திருவிழா எல்லாம் அதன் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து பார்த்தவைதான்.

அம்மா சொல்லாமல் விட்ட விஷயத்தைப் பக்கத்து வீட்டு அத்தை அன்று மாலையே போன் செய்து சொல்லிவிட்டாள். முந்தின வாரம் தெருமுனை வேகத்தடையில் இறங்கும்போது ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்தானாம். அப்பா பிரேக் பிடிக்க, வண்டியின் மூக்கு 'டக்'கென்று தரையைப் பார்த்துக் குனிந்து, கைப்பிடி ஒரு பக்கமாகத் திரும்பி, சாக்கடைக் கட்டைச் சுவரில் போய் நின்றதாம். பையனுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். போகும்போதே தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். வண்டியை விற்றுவிட வேண்டும். விஷயத்தைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சாத்தூர் தாண்டியதும் ஜன்னல் வழியே கரிசல் காடு தெரிந்தது. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ஊறிப் பொதுமிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். சித்திரையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். மண் இப்படி வருஷா வருஷம் ஊதுவதும் சுருங்குவதுமாக இருந்தால் மேலே போட்ட தார் ரோடு மட்டும் சும்மா கிடக்குமா? அதுவும் அலை அலையாக எழும்பித் தாழ்கிறது. போதாததற்கு மாவு போன்ற கறுப்புப் புழுதி. இந்த ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்னங்கால்கள் படும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

முன்னங்கால் என்று சொன்னது முன் ஃபோர்க்கை. பட்டறைக்காரர்கள் 'முன் ஷாக்கப்சர்' என்பார்கள். முன் சக்கரத்தின் இரு புறமும் இரண்டு குழாய்கள் இறங்குகின்றன அல்லவா? ஒவ்வொன்றும் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு குழாய்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். எண்ணெயை வைத்துக் குதிப்பை அடக்கும் இந்த ஏற்பாட்டை 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் வண்டிகளில் போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுப் புல்லட்டுக்கும் பூர்வீகம் சீமைதான். 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை ஏற்பட்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டுவிட்டது. பிறந்த வீடு போன பிறகும் புகுந்த வீட்டில் புல்லட் பெருவாழ்வு வாழ்ந்தது.

நான் போய் இறங்கியதும் அப்பா எதுவும் கேட்கவில்லை. வண்டியை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார். வழக்கு நடக்கப் போவது அவருக்குத் தெரிந்திருந்தது. சாட்சியைத் தயாராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"பின்னாடி அமுக்கிப் பிடி தாயி" என்றார். பிடித்தேன். முன் சக்கரம் மேலே எழும்பியது. அப்பா ஃபோர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். லேசாக 'லொடக்' என்றது. "கோன்செட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கு. இறுக்கினாச் சரியாப் போவும். இது பெருசில்ல. இப்ப முன்னாடி வந்து கைப்பிடியைப் பிடிச்சு அமுக்கு."

அமுக்கினேன். ஊஞ்சல் போல மூன்று முறை மேலும் கீழும் ஆடிவிட்டுத்தான் நின்றது.

"ஒரு தடவை இறங்கி, மெதுவா ஏறி, நின்னுரணும். இது கூத்தாடுது பாத்தியா?"

குனிந்து பார்த்தேன். பிரேக் டிரம் இருக்கும் பக்கத்துக் காலில், மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் நுழையும் இடத்தில், எண்ணெயும் கரிசல் புழுதியும் குழைந்து மை போல் அப்பியிருந்தது. கீழே டிரம் வரைக்கும் வழிந்திருந்தது. அந்த எண்ணெய் உள்ளே புகுந்துவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் மறு காலில் இதே கசிவு வந்தபோது, "கசியிற பக்கம் மட்டும் மாத்தினாப் போதும்" என்று பட்டறையில் சொன்னவர் அப்பாவேதான். ஜோடியாக உழைத்த சீல்கள் ஜோடியாகத்தான் தேயும் என்பது ஃபிட்டருக்குத் தெரியாதா? தெரியும். ஓய்வூதியத்தின் அளவும் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றினோம். கழற்றிய நட்டுகளையெல்லாம் பழைய கடலை மிட்டாய் டப்பாவில் போட்டேன். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் டப்பாவுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம். எங்கள் வீட்டில் ஊசி நூல் முதல் போல்ட்டு வரை அதில்தான்.

அடியிலிருந்து எண்ணெயை வடித்தோம். ஒரு காலிலிருந்து கறுப்பாக ஒரு டம்ளர் வந்தது. கசிந்த காலிலிருந்து ஒரு கரண்டி கூட வரவில்லை. ஒரு கால் தாங்குகிறது, மறு கால் தொபுக்கென்று விழுகிறது. பிரேக் பிடித்தபோது கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிய ரகசியம் இதுதான்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். "அந்தக் கால்ரூபா எண்ணெய்க்கா இம்புட்டுப் பாடு?" என்றாள்.

இங்கேதான், சகோதரிகளே, முறுக்கு உரல் எனக்குக் கைகொடுத்தது. "அம்மா, முறுக்கு உரலில் மாவு இல்லாமல் அழுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"டமார்னு அடியில போய் இடிக்கும்."

"மாவு இருந்தால்?"

"அமுக்க அமுக்க மெதுவா இறங்கும்."

"அதேதான். உள்ளே சின்னத் துளைகள் இருக்கின்றன. எண்ணெய் அது வழியாகப் பிதுங்கித்தான் போக முடியும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். எண்ணெய் அதன் துள்ளலை அடக்கும். எண்ணெய் போனால் வெறும் உரல்."

அம்மா ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவள் அதை அப்படிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கீழ்க் குழாய்களை உருவி எடுத்தோம். பழைய சீலின் ரப்பர் உதடு, புழுதி அராவி ரம்பப் பல்லாக ஆகியிருந்தது. உள் குழாயில் இரண்டு இடத்தில் துருப்பொட்டு. அதை அப்படியே விட்டால் புதுச் சீலையும் ஒரே மாதத்தில் கடித்துவிடும். ஆகையால் நைசான எமரித் தாளில் மண்ணெண்ணெய் தொட்டு, நகத்தால் தடவினால் தட்டாத வரை தேய்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கழுவி, பஞ்சு வேஸ்ட்டால் துடைத்தோம். புதுச் சீல் இரண்டையும் உதட்டில் கிரீஸ் தடவி, திருகுப் புரியில் உரசிக் கிழியாமல் இருக்கப் புரியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மெதுவாக இறக்கினோம்.

அடுத்தது எண்ணெய் ஊற்றுவது. ஒரு காலுக்குச் சுமார் 200 மில்லி. அளவை விட முக்கியம், இரண்டு காலிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அப்பா அளவு ஜாடியைக் கையில் எடுத்தார். குழாயின் வாய் சிறியது. ஜாடியின் மூக்கு அதன் விளிம்பில் பட்டு 'கிணிகிணி' என்று மணி போல் அடித்தது. எண்ணெய் வெளியே சிந்தியது. இரண்டாம் முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். அப்போதும் சிந்தியது. பஞ்சாலையில் மயிரிழை பிசகாமல் இயந்திரம் பொருத்திய கை அது.

நான் வாய் திறக்கவில்லை. வாசற்படியில் நின்ற அம்மாவும் திறக்கவில்லை. எத்தனை பக்குவமான வார்த்தைகளை ரயிலில் தயார் செய்து வைத்திருந்தேன்! ஒன்று கூட வரவில்லை.

அப்பா ஜாடியை என்னிடம் நீட்டினார். "நீ ஊத்து தாயி. அளவு பிசகக் கூடாது" என்றார்.

ஊற்றினேன். சக்கரத்தை மாட்டினோம். பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவிக் காய வைத்துப் போட்டோம். அச்சை முதலிலேயே இறுக்கிவிடக் கூடாது என்றார் அப்பா. கைப்பிடியை நாலு தடவை அமுக்கி விட்டால் இரண்டு கால்களும் தாமே நேர் பார்த்து நின்றுகொள்ளுமாம். அதன் பிறகுதான் இறுக்க வேண்டுமாம். கோன்செட்டையும் இறுக்கினோம். அமுக்கிப் பார்த்தால், ஒரே தடவை இறங்கி, மெதுவாக ஏறி, நின்றுவிட்டது.

மாலை அப்பா ஒரு சுற்று போய்விட்டு வந்தார். தெருமுனை வேகத்தடையில் வண்டி மரியாதையாக இறங்குவதை வாசலிலிருந்தே பார்த்தோம். கைப்பிடி ஆடவில்லை. திரும்பி வந்து இறங்கியவர், எப்போதும் இடுப்பு வேட்டியில் செருகிக்கொள்ளும் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினார்.

"வண்டியும் ஆடிச்சு, கையும் ஆடிச்சு. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி" என்றார் அம்மாவிடம். "வண்டியைச் சரி பண்ணியாச்சு. கையை டாக்டர்ட்ட காட்டுவோம். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் தொடல."

மறுநாள் டாக்டரிடம் போனோம். பயப்படும்படியான நடுக்கம் அல்ல, வயதோடு சிலருக்கு வருவதுதான் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்றும் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

வண்டியை விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தது அப்பாதான். "வேண்டாம்" என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மா! "பெத்த பொண்ணு கையால எண்ணெய் ஊத்தின வண்டி. கெடக்கட்டும்" என்று விட்டாள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறேன். ஃபோர்க்கின் மேல் புழுதி படியாமல் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கழுகுமலை வரை போய்விட்டு வருகிறேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, வண்டி தெரு திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, எந்தக் கியரில் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் தப்பான கியரில்தான் வருகிறேனாம்.