தேடிய தேட்டம்

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் காணிப் பிரச்சினைகளுக்கான நடமாடும் சேவை நடந்தபோது, படிவம் நிரப்ப உதவுவதற்காக நானும் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தார். உள்ளங்கைகள் இரண்டும் காய்த்துப் போயிருந்தன.

"காணி ஆற்றை பேரில இருக்கு அம்மா?"

"அவற்றை பேரில தான் பிள்ளை. அவர் மோசம் போய்க் கனகாலம்."

"நீங்கள் எப்ப தொடக்கம் அங்க இருக்கிறியள்?"

"அது காடாக் கிடக்கேக்க வந்தனாங்கள். நானும் அவருமாத்தான் வெட்டினது."

படிவத்தில் பெயருக்கு இடம் இருந்தது. அடையாள அட்டை இலக்கத்துக்கு இடம் இருந்தது. காட்டை வெட்டியவர் யார் என்று எழுத இடம் இருக்கவில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் அம்மம்மாவின் நினைவாகவே இருந்தது.

அம்மம்மா நீர்வேலியில் பிறந்தவர். செம்மண் தோட்டங்களும் வாழையும் எங்கள் ஊரின் பெருமை. தோண்டினால் கல், கல்லை உடைத்தால் நல்ல தண்ணீர். துலா மிதித்து இறைத்துப் பயிர் செய்த ஊர். 1951 இல் அம்மம்மாவுக்குக் கலியாணம் நடந்தபோது எட்டுப் பரப்புத் தோட்டக்காணியும் கிணற்றில் பங்கும் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். சீதன உறுதியில் இருந்தது அவருடைய பெயர். எங்கள் தேசவழமையில் பெண்ணுக்கு இருக்கிற பெரிய பலம் அது. கணவனின் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது என்ற கட்டும் அதே சட்டத்தில் உண்டு. என்றாலும் காணி அவளுடையது தான்.

எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். அதில் ஒரு குடும்பம் எவ்வளவு காலத்துக்குச் சீவிக்கலாம்? பிள்ளைகள் கூட, சீதனம் பிரிக்கப் பிரிக்க, யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் துண்டு துண்டாகிக்கொண்டிருந்த காலம் அது. அதே வேளையில் ஆனையிறவுக்குத் தெற்கே காடு பரந்து கிடந்தது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி 1920 அளவில் நிறைவு கண்டிருந்தது. குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் ஆரம்பமானது. சுதந்திரத்தின் பின்னர் குளத்தின் கொள்ளளவு கூட்டப்பட்டு, குடியேற்றங்களும் விரிந்தன. வட்டக்கச்சியில் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் அம்மப்பாவுக்குக் கிடைத்தன. 1955 இல் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அம்மம்மா ரயிலேறினார்.

ஒரு சாக்கில் சட்டி பானை. இன்னொரு சாக்கில் நீர்வேலி வாழைக்குட்டிகள் நாலு.

"காட்டைக் கண்டவுடனை எனக்கு அழுகை தான் வந்தது பிள்ளை. இவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். மூண்டு ஏக்கர், மூண்டு ஏக்கர் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்" என்று அம்மம்மா சொல்வார்.

குடியேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் குளத்தையும் வாய்க்காலையும் விளைந்த நெல்லையும் பற்றி எழுதுவார்கள். அந்தக் கொட்டிலுக்குள் ஒரு பெண்ணின் நாள் எப்படி விடிந்தது என்பதை அம்மம்மாவின் வாயால் தான் நான் அறிந்தேன். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். கூவலில் தண்ணீர் மொண்டு, வடித்து, கொதிக்க வைக்க வேண்டும். குரக்கன் மா அவித்துப் புட்டாக்கி, கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும். ஆண்கள் பெருமரத்தைத் தறிப்பார்கள். பற்றைகளை வெட்டுவது, கொப்புகளை இழுத்துக் குவிப்பது, நெருப்பு வைப்பது, வேர் பிடுங்குவது எல்லாம் பெண்களின் வேலை. சாம்பல் படிந்த நிலத்தில் முதலில் குரக்கனும் எள்ளும் பயறும் போட்டார்கள். இரவில் பன்றியும் யானையும் வரும். காவல் கொட்டிலில் அம்மப்பா இருக்க, கீழே தீ அணையாமல் பார்த்துக்கொண்டு கைக்குழந்தையோடு அம்மம்மா விழித்திருப்பார்.

நீர்வேலி வாழைக்குட்டிகளைக் குசினித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டார். குலை தள்ளுகிற நேரத்தில் யானை வந்து நாலையும் முறித்துவிட்டுப் போனது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது திரும்பவும் குட்டி கொண்டு வந்து நட்டார். மூன்றாம் முறை தான் குலை வெட்டினாராம். முதற் குலையை வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து கொடுத்தார்.

மூன்றாவது பிள்ளை அங்கே தான் பிறந்தது. அயற் கொட்டிலில் இருந்த ஒரு கிழவி தான் மருத்துவம் பார்த்தார். ஒன்றரை வயதில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டு வண்டில் கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகிற வழியில், மடியிலேயே உயிர் போய்விட்டது. "திரும்பி ஊருக்குப் போவம்" என்று அம்மப்பா சொன்னாராம். மாட்டேன் என்றவர் அம்மம்மா. "பிள்ளையை இந்த மண்ணுக்குக் குடுத்திட்டன். இனி இது தான் என்ரை ஊர்."

வண்டிலும் ஒரு சோடி எருதும் வாங்குவதற்கும், விதை நெல்லுக்கும், நீர்வேலிச் சீதனக் காணி விற்கப்பட்டது. அம்மம்மா தான் கையெழுத்து வைத்தார். யாரும் வற்புறுத்தவில்லை. காலபோகமும் சிறுபோகமும் விளைந்தது. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. கல்வீடு எழும்பியது. மாமாவும் அம்மாவும் சின்னம்மாவும் படித்தார்கள். எல்லாம் அந்த மண் தந்தது. ஆனால் தன் பெயரில் இருந்த அரை ஏக்கரைக் கொடுத்து, தன் பெயர் இல்லாத ஐந்து ஏக்கரைத் தான் அம்மம்மா வாங்கினார் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்காவின் மோர்மன் குடியேறிகளைப் பற்றி வாசித்தேன். மத வேறுபாட்டால் துரத்தப்பட்ட அந்த மக்கள் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் வண்டில்களில் புறப்பட்டு, 1847 இல் பெரிய உப்பேரியை அடுத்த வரண்ட பள்ளத்தாக்கை அடைந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கமம் செய்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு வட்டக்கச்சி தான் கண்ணில் நின்றது. அதே கொட்டில், அதே வாய்க்கால், வழியிலே பிள்ளையைப் பறிகொடுத்த அதே தாய்மார்.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பெண்களிற் பலர் நாட்குறிப்பு எழுதினார்கள். பற்றி செஷன்ஸ் என்ற மருத்துவிச்சி தமது 52 ஆவது வயதில் அந்தப் பயணத்தைச் செய்தவர். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 பிரசவங்கள் பார்த்தவர். எந்த நாளில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எவ்வளவு நூல் நூற்றேன், என்ன விதைத்தேன் என்று எழுதி வைத்தார். அதனால் இன்று அவருடைய உழைப்பை எவரும் மறுக்க முடியாது. எங்கள் வன்னிக் காட்டில் மருத்துவம் பார்த்த அந்தக் கிழவியின் பெயர் அம்மம்மாவுக்கே மறந்து போயிருந்தது.

அந்த நாட்டிலும் சட்டம் ஓர வஞ்சனை தான் செய்தது. 1862 இல் வந்த குடியேற்றக் காணிச் சட்டத்தின் கீழ் 160 ஏக்கர் கேட்டு விதவையும் மணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்கு அந்த உரிமை இருக்கவில்லை. குடும்பத்தலைவன் என்ற ஒரு சொல்லுக்குள் அவள் அடங்கிவிட்டாள்.

எங்கள் கதையும் அது தான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் "தேடிய தேட்டம்" என்று ஒன்று உண்டு. கலியாணத்துக்குப் பிறகு விலை கொடுத்துத் தேடுகிற சொத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு என்பதே அதன் கருத்து. ஆனால் பெர்மிற் காணிக்கு அது செல்லாது. அந்தக் காணிகளை ஆளுவது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பெர்மிற்காரர் இறந்தால், உயிரோடு இருக்கும் துணை அந்தக் காணியில் சீவிக்கலாம். ஆனால் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத துணை அதை மற்றவருக்கு எழுத முடியாது, தனக்குப் பிறகு யாருக்கு என்று சொல்லவும் முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போய்விடும். எவரையும் குறிக்காமல் இறந்தவரின் காணி அட்டவணையின்படி போகும். அந்த அட்டவணையில் நீண்ட காலமாக முதலில் நின்றவர்கள் ஆண் மக்கள். பெண் மக்கள் அவர்களுக்குப் பின்னால்.

அம்மப்பா 1984 இல் காலமானார். எவரையும் குறித்து வைக்கவில்லை. குடும்பத்தில் எவருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அம்மம்மாவும் சின்னம்மாவும் கமத்தைப் பார்த்தார்கள். மாமா வெளிநாடு போனார்.

2009 ஜனவரியில் வட்டக்கச்சியை விட்டு ஓடவேண்டி வந்தது. எருதும் நெல்லும் வீடும் அப்படியே கிடந்தன. சின்னையா அந்தப் போரில் இறந்து போனார். அம்மம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சின்னம்மா செட்டிகுளத்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். நான் பார்க்கப் போனபோது, பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த ஒரு கடதாசியை அம்மம்மா அவிழ்த்து என்னிடம் தந்தார். மடிப்புகளில் கிழிந்து, வியர்வையில் ஊறி, பழுத்துப் போன பெர்மிற்.

"இதில என்ரை பேர் எங்க கிடக்கு எண்டு ஒருக்காப் பார் பிள்ளை. எனக்குக் கண் தெரியேல்லை."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லை அம்மம்மா. அம்மப்பாவின்ரை பேர் மட்டும் தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் ஆற்றை காணியைக் காவிக்கொண்டு திரிஞ்சனான்?" என்றார்.

2010 இல் திரும்பிப் போனார்கள். கூரை இல்லாத வீடு, பற்றை மூடிய வயல். எழுபத்தெட்டு வயதில் அம்மம்மா திரும்பவும் கத்தி எடுத்துப் பற்றை வெட்டினார். வீட்டுத் திட்டத்துக்குப் பதியப் போனபோது சின்னம்மாவிடம் காணிப் பத்திரம் கேட்டார்கள். காணி தகப்பன் பேரில். தகப்பனுக்குப் பிறகு தமையன். தமையன் கடலுக்கு அப்பால். அந்தக் காணியில் பிறந்து, வளர்ந்து, கணவனையும் இழந்த பெண்ணுக்கு அதில் காட்ட ஒரு துண்டும் இல்லை. அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். 2014 இல் அம்மம்மா கண்ணை மூடினார். மாமா தன் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய பிறகு, இன்னும் இரண்டு வருடம் கழித்துத் தான் காணி சின்னம்மாவின் பெயருக்கு வந்தது.

மாமா நல்ல மனிதர். நன்றி சொல்கிறோம். ஆனால் அவர் நல்லவராக இல்லாமற் போயிருந்தால்? ஒரு பெண்ணின் அறுபது வருட உழைப்பு, ஓர் ஆணின் நல்ல மனதில் தான் தொங்க வேண்டுமா? என் மேசைக்கு முன்னால் வந்து அமர்கிற ஒவ்வொரு தாயையும் பார்க்கும்போது இந்தக் கேள்வி தான் எழுகிறது. எல்லாருக்கும் அப்படி ஒரு மாமா வாய்ப்பதில்லை.

2022 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆண் மக்களுக்கு முதலிடம் என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. எண்பத்தேழு வருடம் பிந்தி வந்த நீதி என்றாலும் வரவேற்க வேண்டியதே. ஆனால் சட்டம் மாறினதை அறியாத வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அதனால் இதை வாசிக்கிற சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் காணி பெர்மிற் காணியா, அளிப்புப் பத்திரக் காணியா, உறுதிக் காணியா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். பெர்மிற் அல்லது அளிப்புக் காணி என்றால், பின்னுரித்தாளர் குறிக்கப்பட்டிருக்கிறாரா என்று உங்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது. காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே அது முறைப்படி பதியப்பட வேண்டும். "இப்ப ஏன் சாவைப் பற்றிக் கதைக்கிறாய்?" என்று வீட்டில் கோபிப்பார்கள். கோபித்தாலும் கேளுங்கள். இன்னொன்று, உங்கள் அம்மம்மா, அப்பம்மா உயிரோடு இருந்தால், ஒரு கொப்பியை எடுத்து அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், எந்த மரத்தைத் தறித்தார்கள், எந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் கிடையாது.

போன தைப்பொங்கலுக்கு வட்டக்கச்சிக்குப் போயிருந்தேன். சின்னம்மாவின் குசினிக்குப் பின்னால் வாழைகள் நின்றன. போருக்குப் பிறகு நீர்வேலியிலிருந்து நான் கொண்டு போய்க் கொடுத்த குட்டிகளின் வழி வந்தவை. பொங்கி முடிய, சின்னம்மா உள்ளே போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்து தன் மகளின் கையில் கொடுத்தார்.

"வாசி மோனை. பேரைப் பெலத்து வாசி."

பிள்ளை வாசித்தாள். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.