இரு தலைமுறைக் கார்கள்

பழைய பொருளை விலைக்கு வாங்குவதற்குக் கண் மட்டும் போதாது, கையும் வேண்டும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் மாடு பிடிக்கச் செல்லும் பெரியவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விற்பவன் கொம்புக்கு வண்ணம் தீட்டிக் கொண்டுவந்திருப்பான். வாங்குபவரோ குனிந்து குளம்பைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பழைய பாடம் 2024-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமாவில் எனக்குக் கைகொடுத்தது.

மும்பையில் பிறந்து வளர்ந்த என் மகள் அங்கே ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்த என்னிடம், "அப்பா, ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன். இரண்டு தலைமுறைகளில் எது நல்லது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றாள். அவள் விரும்பியது மாஸ்டா ரோட்ஸ்டர் என்னும் இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடித்துத் திறந்துவிடக்கூடிய விளையாட்டுக் கார். வெளிநாடுகளில் எம்.எக்ஸ்-5 என்று பெயர் பெற்ற அந்த வண்டி, அதே ஹிரோஷிமாவில் பிறந்ததுதான். சொந்த ஊரில் அதனைக் கண்டு ஆசைப்படாமல் இருப்பது கடினம்.

அதன் வரலாறு சுவையானது. 1950-களிலும் 60-களிலும் இங்கிலாந்து செய்து உலகெங்கும் அனுப்பிய சிறிய திறந்த கார்கள், ஓட்டுவதற்கு இனிமையானவை. ஒழுகுவதிலும் வழியில் நின்றுவிடுவதிலும் பெயர்போனவை. அவை ஏறக்குறைய மறைந்துவிட்ட காலத்தில், அந்த இனிமையை வைத்துக்கொண்டு அந்தக் குறைகளை நீக்கலாமே என்று மாஸ்டா நிறுவனத்தார் முனைந்தார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. அவ்வாண்டே ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திட்டத்தை நடத்திய ஹிராய் தோஷிஹிகோ, 'ஜின்பா இத்தாய்' என்ற பழந்தொடரைத் தம் கொள்கையாகக் கொண்டார். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆவது என்பது அதன் பொருள். ஆகவே அவர் வேகத்தைத் தேடவில்லை, எடையைக் குறைத்தார். முதல் வண்டியின் எடை சுமார் 940 கிலோ, 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன். முகவிளக்குகள் பகலில் மூடிக்கிடந்து, இரவில் தவளைக் கண்கள்போல் எழும்பும். அந்தக் கண்களில்தான் என் மகள் மயங்கியிருந்தாள்.

இரண்டாம் தலைமுறை 1998-இல் விற்பனைக்கு வந்தது. எழும்பும் விளக்குகள் போய், அசையாத விளக்குகள் வந்தன. பின்பக்கத்து பிளாஸ்டிக் சன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடி வந்தது. மாற்றுச் சக்கரத்தையும் பாட்டரியையும் தரைக்கு அடியில் இறக்கியதால் சாமான் வைக்கும் இடம் பெருகிற்று. 1.8 லிட்டர் எஞ்சின் 145 குதிரைத்திறன் தந்தது. அதற்கு ஆறு கியர்களும் அமைந்தன. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து பார்த்தால் இரண்டிலும் அதே 2265 மில்லிமீட்டர்தான். பழைய அடித்தளத்தையே உறுதிப்படுத்தி, அதன்மேல் புதிய உடலை ஏற்றியிருந்தார்கள். முதல் வண்டியின் சஸ்பென்ஷன் வேலையில் ஈடுபட்டிருந்த கிஜிமா தகாவோ என்பவரே இரண்டாம் வண்டிக்குத் தலைமை ஏற்றார்.

மூத்தது மலிவாகவும் இளையது விலை கூடுதலாகவும் இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். இங்கே கதை தலைகீழ். முதல் தலைமுறைக்கு அன்பர் கூட்டம் பெருகி, அதன் விலை இரண்டாவதை மிஞ்சிவிட்டது. 2017-இல் மாஸ்டா நிறுவனமே முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் பணியை அறிவித்து, கூரைத் துணி, மரத்தாலான ஸ்டீயரிங், டயர் முதலியவற்றை மீண்டும் கிடைக்கச் செய்தது. இதையெல்லாம் என் மகள் மனப்பாடமாகச் சொன்னாள். அவள் நெஞ்சம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்கத் தேவையே இல்லை.

நான் மாதுங்கா ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கார் நுணுக்கம் எனக்குப் பழக்கமில்லை. துரு எனக்கு நன்றாகப் பழக்கம். பழைய ரயில் பெட்டியில் துரு எங்கே தொடங்கும்? கண்ணுக்குத் தெரியும் பக்கச் சுவரில் அன்று. கழிப்பறைக்கும் வாசலுக்கும் அடியில், நீர் இறங்கித் தங்கும் இடத்தில். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். கெட்ட இரும்பு மொத்தென்னும். காரில் சுத்தியலை எடுக்க முடியாதல்லவா? துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்த வண்டியிலும் நீர்தான் பகை. மடிக்கும் கூரையில் வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே வடியவேண்டும். இலையும் தூசியும் அத்துளைகளை அடைத்துவிட்டால், நீர் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதிக்குள் இறங்கிவிடும். உள்ளிருந்து அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பனி கரைய உப்புத் தூவும் மலைச்சாலைகளில் ஓடிய வண்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் பார்த்தது 1992-ஆம் ஆண்டுச் சிவப்பு வண்டி. புதிதாக வண்ணம் பூசி மின்னிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்கு அடியில் காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் நழுவிற்று. பட்டி பார்த்து வண்ணம் அடித்திருந்தார்கள். கடைக்காரரிடம் மகள் கேட்டாள். அவரும் மறைக்காமல் ஆமென்றார். வண்டி மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்ததாம். மற்றொரு கடையில் இருந்தது 1999-ஆம் ஆண்டு வண்டி. வண்ணம் மங்கியிருந்தது, கூரைத் துணி தேய்ந்திருந்தது. ஆனால் காந்தம் எல்லா இடத்திலும் கவ்விற்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசு விதிக்கும் சோதனையின் சீட்டுகளும், டைமிங் பெல்ட் மாற்றிய குறிப்பும் ஒரே உறையில் வரிசையாக இருந்தன.

அப்போது மகள் கேட்டாள்: "அப்பா, இந்த இரண்டில் எது இன்னும் பத்து வருஷம் ஓடும்?"

பத்து வருஷம்! அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஆண்டில் மும்பைக்குத் திரும்பிவிடுவாள் என்று வீட்டில் நாங்கள் பேசி வைத்திருந்தோம். மூன்று ஆண்டுக்கு மேல் பழகிய காரை நம் நாட்டுக்குள் இறக்குமதி செய்ய விதிகள் இடம்தருவதில்லை. அந்த வண்டி ஒருநாளும் மும்பைக்கு வராது. பத்தாண்டு ஓடும் வண்டியை நான் காட்டினால், பத்தாண்டு அங்கே இருக்க நானே வழிசெய்தவன் ஆவேன். அழகான சிவப்பு வண்டியைக் காட்டிவிட்டால், துரு நாலைந்து ஆண்டில் தன் வேலையைச் செய்துவிடும். இந்த எண்ணம் என் மனத்தில் எழுந்தது என்பதை மறைப்பானேன்?

ஆனால் கையில் காந்தம் இருந்தது. அது கண்டதை மாற்றிச் சொல்ல நா எழவில்லை. "1999 வண்டிதான், அம்மா. வண்ணம் வேண்டுமானால் பிறகு அடித்துக்கொள்ளலாம், எலும்பை மாற்ற முடியாது" என்றேன். அவள் சற்று நேரம் சிவப்பு வண்டியின் கண்களை நினைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சொல்லையே எடுத்துக்கொண்டாள்.

எந்தத் தலைமுறை சிறந்தது என்று என்னைக் கேட்கும் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுவே: தலைமுறையைப் பார்த்து வாங்காதீர்கள், எந்த ஊரில், யார் கையில் வாழ்ந்தது என்று பார்த்து வாங்குங்கள். நல்ல நிலையில் ஒரு முதல் தலைமுறை வண்டி கிடைத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டாவது வண்டி தன் தந்தையின் கண்களைக் கொண்டிருக்கவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. அதன் எலும்பு யாருடையது என்பதை அவர்கள் குனிந்து பார்ப்பதில்லை.

1978-இல் நான் தாதர் எக்ஸ்பிரசில் ஏறியபோது, எத்தனை வருஷம் என்று என் தகப்பனாரும் கேட்கவில்லை. பெட்டியின் பூட்டு உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் இழுத்துப் பார்த்தார். நானும் புறப்படும் முன், வடிகால் துளையில் விட்டு எடுக்க வளையும் கம்பி ஒன்றை வாங்கி மகளிடம் கொடுத்து, இலையுதிர்காலத்தில் மாதம் ஒருமுறை தவறாமல் செய்யும்படி சொல்லிவிட்டு வந்தேன்.