கட்டமும் கொசுவமும்

ஸ்காட்லாந்து ஆடவர் உடுத்தும் ‘கில்ட்’ ஏறக்குறைய 8 கெஜம் கட்டம் போட்ட கம்பளித் துணியால் ஆனது. மணலியில் கம்பளிக்கு எங்கே போவது! மூட்டாத கைலிகள் இரண்டை நீளவாக்கில் கிழித்து இணைத்துக் கொண்டோம். நமக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரால்தான் மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ என்கிறார்கள். ஆகவே துணியும் அந்நியமல்ல.

கில்ட்டின் முன்புறம் மட்டம், பின்புறம் கொசுவம். மடித்த பின்னும் கட்டம் குலையாமல் தெரிய வேண்டும். இடுப்பருகே மடிப்புகள் குறுகவும் வேண்டும். நான் தாளில் வகுத்துக் கொண்டிருக்கையில், பள்ளிப் படி மிதிக்காத அம்மா கோடுகளை எண்ணியே மடித்து ஊசி குத்திவிட்டார்.

“பின்கொசுவம் வச்சுக் கட்டினவளுக்கு இது என்னடா புதுசு?” என்றார்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் எனக்கு வரலாம். முதல் கணக்கு அம்மாவுடையதே!