சூட்டில் தளரும் வளையம்

கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது நான் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணெயைப் பார்ப்பேன். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துக் காட்டினால் மீன் செதில் மாதிரி வெள்ளிப்பொடி மினுங்கும். உள்ளே எங்கோ அலுமினியம் தேய்கிறது என்று அர்த்தம். அடுத்து பேரிங்கைத் தொட்டால், புல்லர் போட்டு இழுக்க வேண்டிய வெளிவளையம், மெலிந்த விரலிலிருந்து மோதிரம் கழல்வதுபோல் கையோடு வந்துவிடும். அது உட்கார்ந்திருந்த குழியின் சுவர் கண்ணாடியாய்ப் பளபளக்கும். பேரிங்கில் உருள வேண்டியது குண்டுதான். வெளிவளையமும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் குழி அகலும், ஷாஃப்ட் சாயும், பல் பல்லோடு சரியாகச் சேராது.

மலேசியாவில் ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் ஒரு தோட்டத்துப் பட்டறையில்தான் நான் தொழில் பழகினேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்த காலம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அடிபட்ட பழம் கிடக்கக் கிடக்க எண்ணெயில் புளிப்பு ஏறும், தரம் இறங்கும். லோரி படுத்துவிட்டால் குலைகள் பாதையோரம் குவியும். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி இரண்டு தடவை பட்டறைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

"தம்பி, பிரட்டுக்கு முன்னால வண்டி நிக்கணும்" என்பார் போர்மேன் அண்ணன். பிரட்டு என்றால் காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் நேரம். சென்டர் பஞ்சை எடுத்துக் குழியின் சுவரைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பள்ளம் விழ, ஓரத்தில் எறும்புப் புற்று மாதிரி உலோகம் மேடாக எழும்பும். அந்த மேடுகள்தான் வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். நெருக்கமாக, ஒரே ஆழத்தில், வரிசை கோணாமல் தட்டுவார். சுத்தியலை ஓங்கவே மாட்டார், மணிக்கட்டுதான் ஆடும். விடிவதற்குள் லோரி கிளம்பிவிடும்.

அந்தப் புள்ளிகளைப் பழிக்க எனக்கு மனம் வராது. அது அறியாமையில் செய்த வேலை அல்ல. புதுக் கியர் பெட்டி வாங்க ஸ்டோரில் உத்தரவு இருக்காது, லேத்துக்கு அனுப்ப நாள் இருக்காது, குலையோ காத்திருக்காது. ஆனால் வளையத்தைத் தாங்குவது மேடுகளின் நுனி மட்டுந்தான். சில மாதத்தில் அவை நசுங்கித் தட்டையாகிவிடும். பழைய பெட்டிகளில் ஒரு வரிசைப் புள்ளிக்கு மேல் இன்னொரு வரிசை, அதற்கும் மேல் மூன்றாவது என்று பார்த்திருக்கிறேன்.

சிரம்பானில் சொந்தமாகப் பட்டறை போட்டபிறகு, நான் ஒட்டும் மருந்துக்கு மாறினேன். காற்றுப் படாமல், உலோகத்துக்கு நடுவே அடைபட்டால் மட்டும் இறுகும் திரவம் அது. 1953இல் வெர்னன் கிரீபிள் என்ற அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியர் உருவாக்கிய பசையின் வழிவந்தது. இடைவெளி சின்னதாக இருந்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டால் நன்றாகவே பிடிக்கும். தோட்டத்து லோரி ஒன்றில் அதற்குக்கூட அவசியமில்லை என்று நினைத்துவிட்டேன். காலையில் வளையத்தை அழுத்திப் பார்த்தபோது இறுக்கமாகவே இருந்தது. அப்படியே பூட்டி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் ஊளைச் சத்தத்தோடு திரும்பி வந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழி 72 மில்லிமீட்டர். காலையில் 30 டிகிரியில் இருக்கும் பெட்டி, சுமையோடு புக்கிட் தங்கா மாதிரி ஏற்றம் ஏறும்போது 90ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டேன். அலுமினியக் குழி 0.1 மில்லிமீட்டர் விரியும். எஃகு வளையம் விரிவது அதில் பாதிதான். மிச்சம் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் மெல்லிசு. குளிரில் நான் பார்த்த இறுக்கமெல்லாம் அந்த ஏற்றத்தில் காணாமல் போயிருக்கிறது. வேலை செய்யாத நேரத்தில் தொட்டுப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓட்டுநர் அண்ணனிடம் மறுநாளே போய்ச் சொன்னேன், கூலியையும் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த முறை குழியை 80 மில்லிமீட்டருக்குக் கடைந்து, எஃகு ஸ்லீவ் போட்டோம். ஸ்லீவை 0.1 மில்லிமீட்டர் பெரிதாகவே வைத்தேன். சூட்டில் பாதி இறுக்கம் போனாலும் மீதி நிற்கும். வேலையில் சிரமமே நடுப்புள்ளியைக் காப்பாற்றுவதுதான். தேய்ந்த குழி வட்டமாக இருக்காது, அதை நம்பி லேத்தில் பிடித்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தேயாத எதிர்ப்பக்கக் குழியை ஆதாரமாக வைத்து டயல் முள் அசையாதவரை பெட்டியைத் தட்டித் தட்டி நிறுத்தினோம். அதற்கே பாதி நாள் போனது.

பெட்டியை அடுப்பில் 130 டிகிரிக்குச் சூடாக்கினேன். ஸ்லீவ் இரவெல்லாம் ஐஸ் பெட்டியில் கிடந்தது. துணியால் பிடித்துக் குழியின் வாயில் வைத்தேன். அடிக்கவில்லை, அழுத்தவில்லை. தானாக இறங்கி அடியில் 'டங்' என்று உட்கார்ந்தது. ஆறியபிறகு அதன் உள்பக்கத்தைப் பேரிங் அளவுக்குக் கடைந்தோம். வளையமும் எஃகு, அதைப் பிடிப்பதும் எஃகு. இரண்டும் இனி ஒன்றாகவே விரியும்.

பூட்டுவதற்கு முன் வளையத்தின் விளிம்பிலிருந்து ஸ்லீவ் வரைக்கும் பெயிண்ட் பேனாவால் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போட்டேன். மூன்று மாதம் குலை ஏற்றியபிறகு லோரியை வரச்சொல்லி, பேரிங் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோடு உடையாமல் நேராக இருந்தது.